கொம்பையாவின் சொட்டு மருந்து

ஜனவரி 12, வெள்ளி

இன்றும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கொம்பையாவின் மருந்துக்கடைக்கு எதிரே கால் மணி நேரம் நின்றேன். கடையில் ஏழு பேர். மூன்று பேர் கண்ணில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் டாக்டர் சீட்டு இல்லை. அவன் ஒவ்வொருவரின் இமையையும் விரலால் இழுத்துப் பார்த்தான். பிறகு திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டி, அலமாரியிலிருந்து குப்பியை எடுத்தான். வண்டிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும். "காலைல ரெண்டு சொட்டு, சாயங்காலம் ரெண்டு சொட்டு. மூணே நாளு."

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் லேபில் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். இதில் ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தக் கடையின் ஷட்டர் இறங்க வேண்டும். அதிகாரிகள் வந்து, ஊர் பார்க்க, பூட்டி சீல் வைக்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சொரிமுத்து இருபத்திரண்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். போன மாசியில் அம்பாசமுத்திரம் ரோட்டில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் போனபோது வலது கண்ணில் தூசி விழுந்தது. கொம்பையா கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். அதில் ஸ்டெராய்டு கலந்திருந்தது. மூன்று நாள் சிவப்பு குறைந்து, வலி அடங்கி, சரியாகிவிட்டது போலவே இருந்தது. உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருந்தது. பத்தாம் நாள் கருவிழி ஓட்டையாகிவிட்டது. இப்போது டெப்போவில் பஸ் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்குக் கொம்பையா நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தான். குப்பியைப் பேப்பரில் சுருட்டிக் கொடுத்து, "டிரைவர் வீடுதான? தைரியமா விடச் சொல்லு" என்றான். அந்த வார்த்தை ஒன்றுக்காகவே அவனை விடமாட்டேன்.

உளுந்து ஊறப் போட வேண்டும்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பழையது கழித்தோம். அவர் தன் காக்கிச் சட்டைகளை எடுத்து வெளியே வைத்தார். நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

ஜனவரி 22, திங்கள்

கண் ஆஸ்பத்திரியின் கிருமி லேபில் பதினாறு வருடமாக இருக்கிறேன். புண்பட்ட கண்ணிலிருந்து டாக்டர் சுரண்டித் தருவதை பிளேட்டில் வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்வது என் வேலை. கிருமியைத் தடவிய பிளேட்டின் மேல் பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழுந்திருந்தால் அந்த மருந்து வேலை செய்கிறது. வட்டம் பெரிதாக இருந்தால் நல்லது. வட்டமே இல்லாமல், வில்லையின் ஓரம்வரை கிருமி மேய்ந்திருந்தால் அந்த மருந்தும் தண்ணீரும் ஒன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். இப்போது ஸ்கேலை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. இருமலுக்கு, சீழுக்கு, கண் சிவப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த மருந்துகளைக் கொடுத்துக் கொடுத்து, கிருமிகளுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் அதைப் பழக்கிய கை எது என்று எனக்குத் தெரியும்.

இன்று முக்கூடலிலிருந்து கோமதி என்று ஒரு பெண். பீடி சுற்றுகிறவள். இடது கண் வெள்ளையாகப் புண்பட்டிருந்தது. பார்வை திரும்பாது. நான் கேட்கக்கூடாது. கேட்டேன்.

"முதல்ல சொட்டு மருந்து எங்க வாங்குனீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலதான், கொம்பையா அண்ணாச்சி கடையில. நல்ல மனுசன்க்கா. இந்தக் கண்ணுக்குத்தான் ராசியில்லாம போச்சு."

அவள் பெயரையும் தேதியையும் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 3, சனி

கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயர்.

காலையில் அவர் தனக்குத் தானே காபி ஊற்றிக்கொண்டார். டம்ளருக்கு வெளியே பாதி போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரிவதில்லை. துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மறுபடி ஊற்றினார்.

நான் பெயர்களைக் காட்டினேன். "ஒம்பது பேரு. இன்னும் சேரும். மொத்தமா எழுதிக் குடுக்கப்போறேன்."

"அந்தாள விடு, உலகு."

"விடவா? உங்க கண்ண எடுத்தவன விடவா?"

அவர் டைரியை என் பக்கம் தள்ளிவைத்தார். என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

மத்தியானம் அம்பையிலிருந்து அவருடைய அம்மா, என் அத்தை, போன் செய்தார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும். "வீட்டுலயே ஆஸ்பத்திரிக்காரிய வச்சுக்கிட்டு, கடையில வாங்கி ஊத்துனானே, கூறுகெட்ட பய." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே அவரைக்காய்க்கு நார் எடுத்தார்.

பிப்ரவரி 22, வியாழன்

அவன் வந்தான்.

கொம்பையாவே வந்தான்! அறுப்பு பார்க்க வயலுக்குப் போனவனுக்கு வலது கண்ணில் நெற்கதிர் குத்தியிருக்கிறது. ஆறு நாளாகத் தன் கடை மருந்தையே மூன்று விதமாக மாற்றி மாற்றி விட்டிருக்கிறான். கண் தக்காளி மாதிரி வீங்கி, கருவிழியின் நடுவில் மிளகளவு வெள்ளைப் புண். மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

கருவிழி டாக்டர் ரெய்ஹானா புண்ணைச் சுரண்டும்போது பிளேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவன் மற்றக் கண்ணால் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"யம்மா, நீ நம்ம டிரைவர் சம்சாரம்லா? நல்லாருக்கியளா?"

"நல்லாருக்கோம், அண்ணாச்சி."

"கண்ணு போயிருமோன்னு பயமா இருக்கு தாயி. ராத்திரி பூரா தலையில ஆணி அடிச்ச மாதிரி வலி."

அந்த வலி எனக்குத் தெரியும். ஒரு மனிதர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதிவைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

பிளேட்டைத் திறந்ததும் அழுகிய திராட்சை வாசம். ஓரம் பச்சை பாய்ந்திருந்தது. சூடோமோனாஸ். வேகம் பிடித்தால் இரண்டு மூன்று நாளில் கருவிழியைக் கரைத்துவிடும் கிருமி. அவருடைய கண்ணில் இருந்ததும் இதேதான். வில்லைகளை வைத்தேன்.

டாக்டர் ரெய்ஹானா லேபுக்கே வந்தார். "உலகம்மாக்கா, மணிக்கொரு தடவை மருந்து போகுது, புண்ணு அசையல. எதுக்குக் கேக்கும்னு நாளைக்குக் காலைல எனக்குத் தெரிஞ்சாகணும். திங்கட்கிழமை வரைக்கும் இந்தக் கண்ணு தாங்காது."

"சரி மேடம்."

பிப்ரவரி 24, சனி

பிளேட் தெளிவாக இல்லை. வளர்ச்சி போதவில்லை, திங்கட்கிழமை மறுபடி பார்க்க வேண்டும் என்று பத்து மணிக்குப் பதிவேட்டில் எழுதினேன். டாக்டர் ரெய்ஹானா ஆபரேஷனில் இருந்தார். அரை நாள் வேலை. சாளை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதே நாள், மாலை

பிளேட் தெளிவாக இருந்தது. ஏழு வில்லைக்கு வட்டமே இல்லை. எட்டாவதில், இமிபெனத்தில் மட்டும், இருபத்து நான்கு மில்லிமீட்டர். கண் தெரியாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான்.

மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் டெப்போவிலிருந்து வந்தார்.

"கொம்பையா உங்க ஆஸ்பத்திரியிலதான் கெடக்காராம்?"

"ஆமா."

"என்ன கிருமியாம்?"

"இன்னும் தெரியல. திங்கட்கிழமைதான் தெரியும்."

அவர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "சனி, ஞாயிறு… அந்த ரெண்டு நாளு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும், உலகு" என்றார். குழம்பு கொதிக்கிறது, பார் என்பதுபோல் அடுப்பைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

கையில் மீன் வாடையோடு பஸ் ஏறினேன். நான்கு மணிக்கு லேபைத் திறக்கச் சொல்லி, டாக்டர் ரெய்ஹானாவுக்குப் போன் செய்தேன். "காலைல சரியா வளரல மேடம். இப்ப தெரியுது. இமிபெனம் ஒண்ணுதான் கேக்குது."

"நல்ல வேளை, போய்ப் பாத்தீங்க. கடவுள் மாதிரி" என்றார். ஊசி மருந்தைக் கரைத்துச் சொட்டு மருந்தாக்கி, நாலேமுக்காலுக்கு முதல் சொட்டு விட்டார்கள்.

இரக்கப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிருமியால் கண் போனால் ஊரே பழம் வாங்கிக்கொண்டு போய் அவனைப் பார்க்கும். பாவம் அண்ணாச்சி என்று சொல்லும். எனக்கு அது வேண்டாம். அவன் செய்ததற்காக அவன் விழ வேண்டும்.

பிப்ரவரி 28, புதன்

கொம்பையாவின் புண் ஓரம் கட்டி ஆறத் தொடங்கிவிட்டதாம். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 7, வியாழன்

கொம்பையா வீட்டுக்குப் போகிறான். கண்ணில் தழும்பு நிற்கும், ஆனால் பார்வை இருக்கிறது. லேப் வாசலில் வந்து, ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை என் மேஜையில் வைத்தான்.

"கண்ணத் தந்தவ நீதான்னு டாக்டரம்மா சொல்லுதாவ. உன்ன மறக்க மாட்டேன் தாயி."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தான்.

"எனக்கு ஊத்துனாங்கள்லா, அந்த மருந்து பேரு என்ன? ஒரு சீட்டுல எழுதித் தாயேன். கடையில வாங்கி வச்சுக்கிடுதேன். கண்ணு வலின்னு வாரதுகளுக்கு மொத நாளே அதையே குடுத்துட்டா, சட்டுன்னு கேட்டுரும்லா? நாலு பேருக்கு உதவும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். கள்ளமே இல்லை. மனதார உதவ நினைக்கிறான். மிச்சம் இருக்கும் ஒரே வில்லையையும் எடுத்துக் கண் சிவந்தவனுக்கெல்லாம் ஊற்றப்போகிறான். அடுத்த வருடம் அந்த வட்டமும் இருக்காது. அப்போது வரும் டிரைவருக்கும் பீடி சுற்றுகிறவளுக்கும் நான் எதை எழுதிக்கொடுப்பேன்?

"பேரு எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

பழத்தை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். இனி ஒரு நாளும் பொறுக்க மாட்டேன்.

மார்ச் 11, திங்கள்

லீவு போட்டேன். கடைசிப் பக்கத்தில் இப்போது பதினான்கு பெயர். எட்டுப் பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கோமதி என்னைத் திண்டாடவைத்துவிட்டாள். "எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னா அர்த்தராத்திரியிலயும் கதவத் தெறந்து மருந்து தாரவரு அவரு. அவரப் போயி மாட்டிவிடச் சொல்லுதியளே, நியாயமாக்கா?" என்று கேட்டாள். வெள்ளை விழுந்த அந்தக் கண்ணாலும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அங்கிருந்து மருந்து ஆய்வாளரின் ஆபீஸ். அமலதாஸ் என்று பெயர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் உண்மையாவே இருக்கட்டும்மா. சீட்டு இல்லாம அவர் கையால வித்தாருன்னு, தன் கையால வாங்குனவங்க எழுதித் தரணும். கேள்விப்பட்டது நிக்காது. உங்க வீட்டுக்காரர் வாங்குனாருல்ல? அவரக் கூட்டிட்டு வாங்க. ஒரு கையெழுத்து போதும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகு நேரம் நின்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவர் வாங்கவில்லை.

நான்தான் வாங்கினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "உறுத்துது உலகு, உங்க ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அந்த வாரம் லேபைத் தரச் சான்றிதழுக்காகப் பார்வையிட வந்திருந்தார்கள். பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பு. பெரிய டாக்டர் முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டும். புருஷனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்க எனக்கு நேரமில்லை. "தூசிதான, நான் சொட்டு மருந்து வாங்கிட்டு வாரேன்" என்றேன். நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் கையிலிருந்து நான்தான் வாங்கினேன். குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். ஸ்டெராய்டு என்று தெரிந்தது. சுரண்டாமல், கிருமி பார்க்காமல் அதை விடக்கூடாது என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். அவர் தலையை மடியில் வைத்து, இமையை விலக்கி, என் கையால் விட்டேன்.

தீர்ந்ததும் இரண்டாவது குப்பியையும் நான்தான் வாங்கினேன். சனிக்கிழமை வலி தாங்காமல் துடித்தபோது, "திங்கட்கிழமை வந்து காட்டலாம், இன்னைக்கு ஓபி இருக்காது" என்று சொன்னதும் நான்தான்.

திங்கட்கிழமை டாக்டர் ரெய்ஹானா, "யார் இந்த மருந்த விட்டது?" என்று கத்தினார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "நான்தான் மேடம், கடையில வாங்கி விட்டேன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் திறக்கவே இல்லை.

அவர் சொன்ன பொய்யை அத்தை நம்பினார்கள். டெப்போ நம்பியது. போகப் போக நானும் பாதி நம்பினேன்.

மார்ச் 13, புதன்

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஆய்வாளர்கிட்ட நான்தான் வாங்குனேன்னு எழுதிக் குடுக்கப்போறேன்" என்றேன்.

"வேலைக்கு ஒண்ணும் ஆயிராதா?"

"ஆகட்டும். அவன் கடைய மூட வேற வழியில்ல."

"நான் வேணும்னா வந்து போடுதேன். நான்தான் வாங்குனேன்னு ஊருக்கே தெரியுமே."

அப்போதுதான் அழுதேன். கண் போனபோதுகூட அப்படி அழவில்லை. அவர் சட்டையை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"எழுதிக் குடு. ஆனா எங்கம்மாகிட்டயும் நீயே சொல்லணும். அது ஒண்ணுதான் கேக்கேன்."

மார்ச் 18, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். பெயர், வயது, வேலை, வாங்கிய நாள், இரண்டு குப்பி. "கிருமி லேபில் பணிபுரிகிறேன்" என்ற வரியை வாசித்ததும் அமலதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு டாக்டர் ரெய்ஹானாவிடம் போய்ச் சொன்னேன். குப்பியைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையையும் சொன்னேன்.

"ஆறு மணி நேரம்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "என் பேஷன்ட்டு, உலகம்மாக்கா. யாரா இருந்தா என்ன?"

"தப்புதான் மேடம்."

"அந்த ஆறு மணி நேரத்துல ஓட்டை விழுந்திருந்தா, அப்பவும் இங்க வந்து சொல்லியிருப்பீங்களா?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

மார்ச் 20, புதன்

மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை நான் எந்த பிளேட்டையும் வாசிக்கக் கூடாது. கண்ணாடிச் சாமான் கழுவும் பிரிவு.

ஏப்ரல் 3, புதன்

சோதனைக்குச் சாட்சியாக என்னையும் வரச் சொன்னார்கள். காலை பதினொரு மணி. அமலதாஸும் இன்னும் இரண்டு பேரும் அலமாரியிலிருந்து குப்பிகளை எடுத்து எடுத்து மூன்று அட்டைப்பெட்டியில் போட்டார்கள். இமிபெனம் ஊசி மருந்தும் இருந்தது, இருபது. பெயரை வேறு யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

கடை முன்னால் கூட்டம். கொம்பையா கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"நீயா தாயி? கண்ணக் குடுத்துட்டுக் கடைய எடுக்கியா? நான் யாருக்கும் கெட்டது நெனச்சதில்லயே."

"நானும் நெனைக்கல, அண்ணாச்சி. என் கையாலதான் அவருக்கு விட்டேன்."

அவனுக்கு விளங்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துத் துப்பினாள்.

மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம், வழக்கு தனியாக நடக்கும் என்றார்கள். ஷட்டர் இறங்கியது. சீல் வைத்தார்கள். ஒரு வருடமாக நான் மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்த காட்சி. நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ் ஏறி உட்காரும்வரை நன்றாக இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

அம்பைக்குப் போனோம். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, வாங்கியதிலிருந்து விட்டது வரை, சனிக்கிழமை திங்கட்கிழமை எல்லாம் சொன்னேன்.

அத்தை கீரையை அப்படியே போட்டுவிட்டார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் மகனைப் பார்த்தார்கள்.

"ஏல, ஒரு வருசமா உன்னக் கூறுகெட்டவன்னு ஏசிக்கிட்டுக் கெடந்தேனே. நீ ஏம்ல வாயத் தெறக்கல?"

"அவளே சொல்லட்டும்னு இருந்தேம்மா."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் நான் கொம்பையா கடை வாசலில் போய் நின்றுகொண்டிருந்தேன். அவர் வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாப்பிடும் நேரம் அத்தை அவருக்கு மட்டும் இலை போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் சரி. நானே ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது வலது பக்கம் என்று உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். யாரென்று பார்க்க அவர் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தார். இலையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார்.